ஒரு மொழி பிழைக்குமா என்று எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்?

இரண்டு மொழிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றை 500 பேர்தான் பேசுகிறார்கள், ஆனால் அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் அதில்தான் விளையாடுகிறார்கள், அதில்தான் சண்டை போடுகிறார்கள். இன்னொன்றை 50,000 பேர் பேசுகிறார்கள், ஆனால் அத்தனை பேரும் தாத்தா பாட்டிகள். இதில் எது முதலில் போகும்?

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். அதனால்தான் நம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மொழியியலாளர் நாலா லீயும் ஜான் வான் வே என்ற ஆய்வாளரும் சேர்ந்து ஓர் அளவுகோலை உருவாக்கி 2016-இல் வெளியிட்டார்கள். அதில் நான்கு கேள்விகள்தான். பெரியவர்கள் பிள்ளைகளிடம் அந்த மொழியில் பேசுகிறார்களா, மொத்தம் எத்தனை பேர் பேசுகிறார்கள், அந்த எண்ணிக்கை ஏறுகிறதா இறங்குகிறதா, வீடு, சந்தை, பள்ளி, கோயில் என்று எங்கெல்லாம் அது புழங்குகிறது. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 5 வரை ஆபத்து மதிப்பெண். முதல் கேள்விக்கு மட்டும் இரண்டு மடங்கு போடுவார்கள். ஆக மொத்தம் 25.

நம் இரண்டு மொழிகளுக்கும் போட்டுப் பார்ப்போம். 500 பேர் மொழிக்கு எண்ணிக்கையில் 3 வரும், ஆனால் பிள்ளைகள் பேசுவதால் முதல் கேள்வியில் 0, எண்ணிக்கை குறையவில்லை என்றால் அதிலும் 0, புழங்கும் இடங்கள் கொஞ்சம் சுருங்கியிருக்கின்றன என்று நான்காவது கேள்விக்கு ஒரு 2 போட்டால் மொத்தம் 5. அதாவது 20 விழுக்காடு. 50,000 பேர் மொழிக்கு எண்ணிக்கையில் வெறும் 1தான், ஆனால் பாட்டிகளோடு நின்றுவிட்டதால் முதல் கேள்வியில் 4, அதை இரண்டு மடங்காக்கினால் 8, மற்ற இரண்டிலும் நான்கு நான்கு என்று வைத்தால் 17. அது 68 விழுக்காடு, கடும் ஆபத்து என்ற கட்டத்தில் போய் நிற்கும். நூறு மடங்கு அதிகம் பேர் பேசும் மொழிதான் முதலில் போகும்.

இந்த அளவுகோல் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியமாகப் படுகிறது என்றால், நமக்கு அடுத்த வீடான மலேசியாவிலேயே உதாரணம் இருக்கிறது. மலாக்கா செட்டிகள். சுல்தான்கள் காலத்தில் மலாக்காவுக்கு வந்த தமிழ் வணிகர்கள், உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்கிவிட்டார்கள். இன்றைக்கும் விநாயகர் கோயில் இருக்கிறது, பொங்கல் இருக்கிறது, ஆனால் வீட்டுப் பேச்சு தமிழ் இல்லை, ஒரு வகைக் கலப்பு மலாய். இப்போது அந்தக் கலப்பு மலாயே இளையவர்களிடம் தேய்ந்துகொண்டிருக்கிறது. தமிழ் போன இடத்தில் வந்த மொழியும் போகிறது. நாலா லீ முனைவர் பட்டத்துக்காக இலக்கணம் எழுதிய பாபா மலாயின், அதாவது பெரானாக்கான் சீனர்கள் பேசும் கலப்பு மலாயின், நிலையும் இதே மாதிரிதான்.

சரி, மதிப்பெண் போட்டாயிற்று. அப்புறம் என்ன செய்வார்கள்?

முதல் வேலை பதிவு. பெரியவர்களிடம் உட்கார்ந்து சொல், வாக்கியம், கதை, அரட்டை என்று எல்லாவற்றையும் ஒலிப்பதிவு செய்வார்கள். அரட்டைதான் இதில் மிகவும் விலைமதிப்பானது, ஏனென்றால் "இதை உங்கள் மொழியில் சொல்லுங்கள்" என்று கேட்டால் யாருமே இயல்பாகப் பேசமாட்டார்கள், கேட்டவரின் மொழி அச்சிலேயே பதில் வரும். பதிவு செய்வதைவிட எழுதி எடுப்பதுதான் பெரும்பாடு. ஒரு மணி நேரப் பேச்சை ஒலி ஒலியாக எழுதி, சொல் சொல்லாகப் பிரித்து, பொருள் போட்டு முடிக்கப் பல பத்து மணி நேரம் பிடிக்கும்.

பேச ஒருவருமே மிச்சமில்லை என்றால்? அங்கேதான் மொழியியலின் நிஜமான திறமை தெரிகிறது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் கரையோரப் பழங்குடிகளான வம்பனோவாக் மக்களின் மொழி 19-ஆம் நூற்றாண்டிலேயே பேச்சில் நின்றுவிட்டது. ஆனால் 1663-இல் அச்சான பைபிள் அந்த மொழியில் இருந்தது, அந்த மக்களே எழுதிய நிலப் பத்திரங்களும் கடிதங்களும் இருந்தன. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த ஜெஸ்ஸி லிட்டில் டோ பேர்ட் 1990-களில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, கென் ஹேல் என்ற பேராசிரியரிடம் மொழியியல் படித்து, அந்தக் காகிதங்களிலிருந்து மொழியை மீட்கத் தொடங்கினார்.

காகிதத்தில் இல்லாத சொல்லை எப்படி மீட்பது? உறவு மொழிகளை வைத்துத்தான். நம் வீட்டு உதாரணத்திலேயே இது புரியும். தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. பத்து, ஹத்து. பல்லி, ஹல்லி. சொல் முதலில் வரும் ப அங்கே ஹ ஆகிறது என்ற ஒழுங்கு தெரிந்துவிட்டால், கன்னடத்தில் ஹுலி என்பதை மட்டும் கேள்விப்பட்ட ஒருவர், தமிழே தெரியாமல் புலி என்று சரியாக ஊகிக்கலாம். வம்பனோவாக்குக்கு அல்கோன்கியன் என்ற அதே மொழிக் குடும்பத்தில் உயிரோடு இருக்கும் உறவு மொழிகள் உண்டு. அவற்றை இப்படி ஒப்பிட்டு ஒலிகளையும் சொற்களையும் கட்டி எழுப்பினார்கள். பேர்டின் மகள் அந்த மொழியைப் பிறப்பிலிருந்தே கேட்டு வளர்ந்தார், நூறாண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

ஹவாய்க்காரர்கள் வேறு வழியில் போனார்கள். 1896-இல் வந்த சட்டம் ஹவாய் மொழியைப் பள்ளியிலிருந்து துரத்தியது, 1980-களின் தொடக்கத்தில் அதைப் பேசும் பிள்ளைகள் மிகச் சிலரே. 1984-இல் பூனானா லேயோ என்ற பாலர் பள்ளிகளைத் தொடங்கினார்கள். முழுக்க ஹவாய் மொழிதான், பெற்றோரும் படித்தாக வேண்டும். இன்று ஹீலோ நகரப் பல்கலைக்கழகத்தில் அந்த மொழியிலேயே முனைவர் பட்டம் வரை போகலாம்.

சிங்கப்பூரில் 2016-இல் கிறிஸ்தாங் மொழிக்கு ஒரு முயற்சி தொடங்கியது. 1511-இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்த பிறகு பிறந்த கலப்பு மொழி அது, ஐரோப்பிய, ஆசியக் கலப்பு வம்சாவளியினரான யுரேசியர்களின் மொழி. தேசியப் பல்கலைக்கழக மாணவர் கெவின் மார்ட்டென்ஸ் வோங் ஆரம்பித்த 'கோத்ரா கிறிஸ்தாங்' என்ற பெயருக்கு 'கிறிஸ்தாங்கே, விழித்தெழு' என்ற பொருள். அதன் வினைச்சொல் அழகு: கூமி என்றால் சாப்பிடுவது, அது மாறவே மாறாது. முன்னால் ஜா போட்டால் சாப்பிட்டாயிற்று, தா போட்டால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், லோகு போட்டால் இனிமேல்தான்.

நான் வீட்டில் முயன்றது இன்னொரு வழி. கலிஃபோர்னியாவின் பழங்குடி மக்களும் லியான் ஹிண்டன் என்ற மொழியியலாளரும் 1990-களில் வகுத்தது. மொழி தெரிந்த மூத்தவர் ஒருவர், கற்பவர் ஒருவர், வாரத்துக்கு 10 முதல் 20 மணி நேரம் ஒன்றாகச் சமைப்பது, துவைப்பது, நடப்பது. ஆங்கிலம் கூடாது, புரியாவிட்டால் நடித்துக் காட்டலாம். கற்பவர் முதலில் பழக வேண்டியதே கேள்வி கேட்கத்தான்: இது என்ன, இதை எப்படிச் சொல்வது.

சிங்கப்பூரில் தமிழை வீட்டில் அதிகம் பேசுவோர் 2010 கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020-இல் 2.5. அதைப் பார்த்த பிறகு சனிக்கிழமைக் காலைகளில் அம்மா, நான், என் மகள் மூவரும் சமையலறையில் தமிழ் மட்டும் என்று வைத்துக்கொண்டோம். முதல் வாரமே மகளிடம் அரிசியைக் கழுவச் சொன்னேன். அம்மா திரும்பிப் பார்த்து, "பாத்திரத்தத்தான் கழுவுவாங்க, அரிசிய களையணும்" என்றார். பிறந்ததிலிருந்து தமிழ் பேசும் எனக்கு அந்தச் சொல் மறந்தே போயிருந்தது. மகள் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, பாட்டியிடம் அடுத்த கேள்வி கேட்டாள்: "அந்தத் தண்ணிக்கு என்ன பேரு?"

கழுநீர்.