தெரபியூட்டிக் அலையன்ஸ்: 'கூட்டணி' பொருந்துமா?

உளவியல் எழுத்துகளில் 'தெரபியூட்டிக் அலையன்ஸ்' என்பதைச் 'சிகிச்சைக் கூட்டணி' என்று எழுதுவதுண்டு. கூட்டணி என்றதும் நம் காதில் விழுவது தொகுதிப் பங்கீடு. மனநல சிகிச்சையாளருக்கும் அவரை நாடி வந்தவருக்கும் இடையே உருவாவது அதுவல்லவே.

'தெரபி' கிரேக்கத்தின் 'தெரபெயா'விலிருந்து வந்தது. பணிவிடை செய்தல், உடனிருந்து கவனித்தல் என்பவை அதன் பழம்பொருள்கள். 'தெரபோன்' என்றால் உடன்செல்லும் பணியாள். 950ஆம் குறள் மருத்துவத்துக்குச் சொல்லும் நான்கு கூறுகளில் ஒருவர் 'உழைச்செல்வான்'. உழை என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்பவர் அவர். உறவில்லாத இரு மொழிகளும் நோயைத் தீர்ப்பதில் பக்கத்துணைக்கு இப்படி இடம் கொடுத்திருப்பதை எத்தனை முறை படித்தாலும் மனம் நெகிழ்கிறது. 'அலையன்ஸ்' இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியே வந்த சொல், வேர்ப்பொருள் பிணைத்தல்.

இத்தொடரை உளப்பகுப்பாய்வில் நிலைநிறுத்தியவர் எலிசபெத் செட்செல், 1956இல். எட்வர்ட் போர்டின் 1979இல் அதை எல்லா வகை உளச்சிகிச்சைக்கும் விரித்தார். எதை நோக்கிப் போகிறோம், அதற்கு என்னென்ன செய்யப் போகிறோம் என்ற இரண்டிலும் சிகிச்சையாளருக்கும் நாடி வந்தவருக்கும் உடன்பாடு. மூன்றாவதாக, ஒருவர்மேல் ஒருவருக்குப் பற்றும் நம்பிக்கையும். மூன்றும் சேர்ந்ததே அலையன்ஸ் என்றார். 2018இல் 295 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இதற்கும் சிகிச்சைப் பலனுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்தே கூடிக் குறைகின்றன என்று காட்டும் எண், முழுமையாகச் சேர்ந்தால் 1) ஏறத்தாழ 0.28 என வந்தது. கேட்கச் சிறிய எண்தான். ஆனால் சிகிச்சை முறை எதுவானாலும் இந்தத் தொடர்பு தென்பட்டது.

தமிழில் என்ன சொல்லலாம்? 'ஒத்துழைப்பு' கூடவே கூடாது. மருத்துவமனையில் "கொஞ்சம் ஒத்துழைப்பு கொடுங்கம்மா" என்றால் சொன்னபடி கேளுங்கள் என்றே பொருள். 'உறவு' மிக அகலம். 'உடன்பாடு' முதல் இரண்டைச் சொல்லும், பற்றை விட்டுவிடும். 'தோழமை'யோ பற்றை மட்டும் சொல்லும், சிகிச்சையாளர் நண்பருமல்லர்.

என் தேர்வு 'சிகிச்சை இணக்கம்'. கருத்து ஒத்துப்போவதும் மனம் ஒட்டுவதும் இந்த ஒரே சொல்லில் இருக்கின்றன. "ரெண்டு பேருக்கும் இணக்கம் இல்லை" என்று வீட்டிலேயே பேசுகிறோம். அதில் குறை ஒருவர் தலையில் விழுவதில்லை. இணக்கம் நடுவில் கெடவும் செய்யும். ஜெரமி சாஃப்ரனும் கிறிஸ்டோஃபர் முரனும் விரிவாக ஆராய்ந்தது அந்த முறிவையும் அதைச் சரிசெய்வதையும்தான். அதற்கும் புதுச்சொல் தேட வேண்டாம்: பிணக்கு, பிணக்குத் தீர்த்தல்.