ஐந்து கிராம் கவரின் கணக்கு

காய்கறிக் கடையில் தக்காளியைப் போட்டுத் தரும் மெல்லிய கவரைத் தராசில் வைத்தால் ஐந்து கிராம் சுமாருக்கு நிற்கும். அதிலேயே ஐந்து கிலோ சாமானைத் தூக்கி வந்துவிடலாம். தன் எடையைப்போல் ஆயிரம் மடங்கைத் தாங்குகிறது அது. இந்தக் கவரைத் தடை செய்யத்தான் வேண்டுமா என்று கேட்பவர்கள் முதலில் அது எப்படித் தாங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

கவரின் மூலப்பொருள் எச்.டி.பி.இ. எனப்படும் அடர் பாலிஎதிலீன். வெள்ளைக் குருணையாக மூட்டையில் வரும். எக்ஸ்ட்ரூடர் எந்திரத்தின் திருகு அதை 200 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருக்கி, வட்டமான ஓர் இடுக்கு வழியாக மேலே தள்ளும். நடுவில் காற்றை ஊதினால் உருகிய குழல் பலூனாக உப்பி எழும். மேலே இருக்கும் உருளைகள் அதை நீளவாக்கில் இழுக்கின்றன. உள்ளிருக்கும் காற்று குறுக்குவாக்கில் விரிக்கிறது. இப்படி இரண்டு பக்கமும் இழுபட்டு நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் வரிசைப்படுவதுதான் கவரின் வலு. குளிர்க்காற்று ஒரு பக்கம் கூடவும் மறுபக்கம் குறையவும் பட்டால் பலூனின் தடிமன் சீராக இராது. சுமை ஏறியதும் மெலிந்த இடத்தில்தான் கிழியும். பலூனைத் தட்டையாக்கிச் சுருட்டி, அடியைச் சூட்டில் ஒட்டி, மேலே கைப்பிடிக்காக வெட்டினால் பனியன் வடிவக் கவர் தயார். இந்த வடிவத்தை உருவாக்கியவர் சுவீடனின் செல்லோபிளாஸ்ட் நிறுவனத்தில் இருந்த ஸ்டென் குஸ்டாஃப் துலின். 1965இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

இனி ஒரு சின்னக் கணக்கு. 30 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம் கொண்ட கவருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 2,700 சதுர செ.மீ. பரப்பு. தடிமன் 20 மைக்ரான், அதாவது 0.002 செ.மீ. பெருக்கினால் 5.4 கன செ.மீ. எச்.டி.பி.இ.யின் அடர்த்தி கன செ.மீ.க்கு 0.95 கிராம். ஆக எடை 5.1 கிராம். ஒரு கிலோ சேர 195 கவர்களைப் பொறுக்க வேண்டும்.

தடைக்கான காரணம் முழுவதும் இந்த 195இல் அடங்கியிருக்கிறது. பால் பாக்கெட்டையும் தண்ணீர் பாட்டிலையும் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடலாம். குப்பை பொறுக்கிப் பிழைப்பவர்கள் அவற்றைத் தேடி எடுக்கிறார்கள். மெல்லிய கவரை எடுக்கக் குனியும் நேரத்துக்குக்கூடக் கூலி கட்டாது. எடுத்தாலும் அதில் ஒட்டிய சேறும் சாம்பாரும் பிளாஸ்டிக்கைவிட எடை கூடுதலாக இருக்கும். குப்பையைத் தரம் பிரிக்கும் ஆலைகளில் இது உருளைகளில் கயிறுபோல் சுற்றிக்கொள்ள, எந்திரத்தை நிறுத்தி ஆட்கள் கத்தியால் அறுத்து எடுக்கிறார்கள். மறுசுழற்சி செய்ய முடியாத பொருள் அல்ல பாலிஎதிலீன். அதைச் சேகரிக்கத்தான் ஆள் இல்லை.

சேகரிக்கப்படாத கவர் காற்றில் பறந்து சாக்கடைக்குப் போகிறது. அங்கே அது செய்யும் வேலையைக் கவனிக்க வேண்டும். மழைநீர் வடிகால் வாயில் உள்ள இரும்புக் கம்பிகளின் இடையே இலையும் சருகும் சிக்கினால், அவற்றின் சந்துகளில் நீர் கசிந்து போகும். கவரில் நீர் புகாது. ஓடும் நீரே அதைக் கம்பிகள்மேல் விரித்து அழுத்திப் பிடிக்கிறது. நீர் மட்டம் உயர உயர அழுத்தமும் கூடி, கவர் இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். டாக்காவில் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். 1988, 1998 வெள்ளங்களில் வடிகால்கள் அடைபட்டதற்கு இந்தக் கவர்களும் காரணம் என்று கண்டு, மெல்லிய பாலிதீன் பைகளை உலகிலேயே முதல் நாடாக வங்கதேசம் 2002இல் தடை செய்தது.

மாட்டின் வயிற்றில் நடப்பது வேறு. மிச்சச் சோற்றைக் கவரில் கட்டி எறிந்தால், மாடு முடிச்சை அவிழ்த்துத் தின்னாது, அப்படியே விழுங்கிவிடும். அசைபோடும் பெருவயிற்றிலுள்ள நுண்ணுயிரிகள் வைக்கோலின் செல்லுலோஸையே சிதைக்கக்கூடியவை. ஆனால் பாலிஎதிலீன் வெறும் கார்பன்-கார்பன் பிணைப்புகளால் ஆன சங்கிலி. நொதி பற்றி வெட்டுவதற்கு அதில் பிடி இல்லை. அடுத்த அறைக்கும் நகராமல் கவர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கனத்த உருண்டையாகின்றன. வயிறு நிறைந்திருக்கும், மாடு மெலியும். 2019 அக்டோபரில் சென்னையில் கால்நடை மருத்துவர்கள் ஒரு மாட்டின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுவை செய்து எடுத்தார்கள்.

சட்டத்துக்கு வருவோம். மத்திய அரசின் விதி தடிமனைப் பிடித்துக்கொண்டது: 2021 செப்டம்பர் 30 முதல் 75 மைக்ரான், 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானுக்குக் குறைந்த பிளாஸ்டிக் கைப்பை கூடாது. பை கனமானால் விலை கூடும், கடைக்காரர் இலவசமாகத் தரமாட்டார், பொறுக்குபவருக்கும் காசு கிடைக்கும் என்பது எண்ணம். மேலே போட்ட கணக்கில் 120 மைக்ரானை வைத்துப் பாருங்கள்: ஒரு பை 31 கிராம். கிலோவுக்கு 32 பைகள் போதும் என்பது நல்லதுதான். ஆனால் அந்தப் பையை ஆறு முறையாவது பயன்படுத்தாவிட்டால், மெல்லிய கவரைவிட அதிக பிளாஸ்டிக்கைத்தான் குப்பையில் சேர்த்திருப்போம். கலிஃபோர்னியாவில் அதுவே நடந்தது. மெல்லிய பையைத் தடுத்து, தடித்த பையை 10 சென்ட்டுக்கு அனுமதித்தார்கள். மக்கள் அதையும் ஒரே முறையில் எறிந்தார்கள். 2024இல் புதுச் சட்டம் போட்டு 2026 ஜனவரி முதல் அதையும் விலக்க வேண்டியதாயிற்று.

தடிமன் விதியைச் சோதிப்பதும் எளிதல்ல. கவரைப் பத்து மடிப்பாக்கி மைக்ரோமீட்டரில் அளந்து பத்தால் வகுக்கலாம். பலூன் சீரற்று ஊதப்பட்டிருந்தால் இடத்துக்கு இடம் வேறு எண் வரும். எடையை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் அங்கே சுண்ணாம்புத்தூள் குறுக்கே வரும். விலையைக் குறைக்கக் குருணையோடு கால்சியம் கார்பனேட்டைக் கலப்பது வழக்கம். அது பிளாஸ்டிக்கைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அடர்த்தி கொண்டது என்பதால் மெல்லிய கவரும் எடை கூடிக் காட்டும். 2019 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள தமிழ்நாட்டுத் தடை இந்தத் தலைவலியை வைத்துக்கொள்ளவில்லை. எந்தத் தடிமனாக இருந்தாலும் பிளாஸ்டிக் கைப்பை கூடாது. அதுவே சரியான வழி என்பேன்.

துணிபோல் தோன்றும் நெய்யாத பையும் தமிழ்நாட்டின் தடைப் பட்டியலில் உண்டு, அது பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக். சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஒரு நூலளவு வெட்டி, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். பருத்தி எரிந்து சாம்பலாகும், காகிதம் எரியும் வாசனை வரும். பாலிபுரொப்பிலீன் சுருங்கி உருகிச் சொட்டும்.

பருத்திப் பை மட்டும் யோக்கியமா என்று கேட்பது நியாயம். பருத்தி விளைய நீரும் உரமும் வேண்டும். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, புவி வெப்ப விளைவில் மெல்லிய கவரோடு சமமாகப் பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும். டென்மார்க் 2018இல் சொன்ன 7,100 முறை என்ற எண்ணும் அடிக்கடி மேற்கோளாகிறது. ஓசோன் படலப் பாதிப்பு உட்பட எல்லா அளவுகோல்களிலும் சமமாக வேண்டிய எண்ணிக்கை அது. காலநிலையை மட்டும் பார்த்தால் அதே ஆய்வில் 52தான். முக்கியமாக, வடிகாலில் அடைத்த கவருக்கும் மாட்டு வயிற்றில் கிடந்த கவருக்கும் இந்த இரண்டு கணக்கிலும் இடமில்லை. குப்பை ஒழுங்காகச் சேகரிக்கப்படும் ஊர்களுக்குப் போட்ட கணக்கை நம் தெருவுக்கு அப்படியே பொருத்த முடியாது.

131 முறை என்பது வாரச்சந்தைக்கு இரண்டரை வருடம். நல்ல மஞ்சப்பை அதற்குமேலும் உழைக்கும். முதலில் விடுவது கைப்பிடி பையோடு சேரும் தையல். அங்கே குறுக்குத் தையல் போட்டிருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். ஈரக்கீரை வைத்த பையை அப்படியே மடித்து வைத்தால் பூஞ்சை பிடித்து நூல் இற்றுவிடும். உதறிக் காயப்போட்டே மடிக்க வேண்டும். மீனுக்கும் கறிக்கும் துணிப்பை உதவாது, தூக்குவாளி கொண்டுபோவதே வழி. வீட்டில் பை இருந்தும் கடைக்கு வெறுங்கையோடு போவதுதான் பெரும்பாலும் நடப்பது. வண்டிப் பெட்டியில் ஒன்று, தினமும் எடுத்துப்போகும் பையில் ஒன்று என்று மடித்து வைத்துவிடலாம்.