பாம்புக் காது

"எங்கப்பாவுக்குப் பாம்புக் காதுங்க. தெருமுனையில என் வண்டி திரும்பும்போதே 'வந்துட்டான்'னு அம்மாகிட்ட சொல்லிருவாரு. பக்கத்துல உக்காந்து பேசுனா மட்டும் காதுல வாங்க மாட்டாரு. எல்லாம் வேணும்னே பண்றது."

மதுரை செல்லூரில் 30 வருடம் விசைத்தறி ஓட்டியவரைச் சோதனைக்கு அழைத்து வந்த மகன் சொன்னது இது. பெரியவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். செவித்திறன் பரிசோதனை செய்யும் எனக்கு மிகவும் பழகிப்போன, ஒவ்வொரு முறையும் மனதை வருத்துகிற குற்றச்சாட்டு.

கூர்மையான செவி என்ற பொருளில்தான் மகன் சொன்னார். ஆனால் பாம்புக்கு வெளிக்காதும் இல்லை, செவிப்பறையும் இல்லை. தரையில் படியும் தாடையெலும்பு வழியாக அதிர்வு உட்காதுக்குப் போகிறது. காற்றில் வரும் ஒலியும் ஓரளவு எட்டும். இருந்தாலும் சில நூறு ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு என்ற அளவு) வரையுள்ள கனத்த, அதாவது தாழ்ந்த சுருதி ஒலிகள்தான் அதற்கு நன்றாகக் கேட்கும். கீச்சொலிக்கு நாயின் காது வேண்டும். நம் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். நாய்க்கு 40,000க்கு மேலும் கேட்கும்.

எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடமான ஆடியோகிராமில் பெரியவருடையதைப் பார்த்தால், 'பாம்புக் காது' என்று மகன் சொன்னது வேறு விதத்தில் உண்மை. கனத்த ஒலிகள் எல்லாம் கேட்கின்றன. 2,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் கோடு கிணற்றில் இறங்குவதுபோல் சரிகிறது. வண்டியின் உறுமல் கனத்த ஒலி, அதனால் தெருமுனையிலேயே தெரிந்துவிடுகிறது. பேச்சிலும் உயிரெழுத்தின் ஓசை கேட்கிறது. ச, த என்று பிரித்துக் காட்டும் மெல்லிய உரசல்தான் கேட்பதில்லை. காசு என்றாலும் காது என்றாலும் அவருக்கு ஒன்றுதான். "சத்தம் வருதுய்யா, வார்த்தை வரல" என்றார். அறைக்குள் வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு அது.

கத்திப் பேசினால் எரிந்து விழுகிறாராம். அதுவும் நடிப்பில்லை. பழுதான உட்காதுக்கு மெல்லிய ஒலி எட்டாது, பெரிய ஒலியோ சட்டென்று அறைவதுபோல் இருக்கும். முகத்துக்கு நேரே உட்கார்ந்து, நிதானமாகப் பேசினாலே பாதி சரியாகும். மீதிக்குக் காதுக்கருவி உதவும்.

தறியில் இன்னும் நிற்கிறவர்களுக்கு: 85 டெசிபல் (சத்தத்தின் அளவு) இரைச்சலை 8 மணி நேரம் தாங்கும் காது, 88 டெசிபலை 4 மணி நேரம்தான் தாங்கும். உட்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது. பஞ்சு வைத்தால் போதாது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஃபோம் அடைப்பானை நன்றாக உருட்டி உள்ளே வைக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் அரசு இராசாசி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. வீட்டுப் பெரியவர் 'வேணும்னே பண்றாரு' என்று முடிவுகட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை அழைத்துப் போங்கள்.