கேட்பாரற்ற துக்கம்: 'வாக்குரிமை இழந்த துக்கம்' என்று எழுதுகிறவர்களுக்கு

மூன்றாவது முறையாகப் பார்த்துவிட்டேன். முதலில், புலம்பெயர்ந்தவர்களுக்காக அச்சிட்ட ஒரு மனநலத் துண்டறிக்கையில். அடுத்து, ஒரு காணொளியின் அடியில் ஓடிய எழுத்தில். போன வாரம், விவரம் தெரிந்த ஒருவர் எழுதிய கட்டுரையிலேயே. 'வாக்குரிமை இழந்த துக்கம்' என்று மூன்று இடத்திலும் எழுதியிருந்தார்கள்.

ஊரில் தாய் இறந்துபோய், போகவும் முடியாமல் இங்கே உட்கார்ந்திருக்கும் ஒருத்தி அந்தத் துண்டறிக்கையைக் கையில் எடுக்கிறாள் என்று வையுங்கள். தேர்தலுக்கும் தன் அழுகைக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்குப் புரியாது. மடித்து வைத்துவிடுவாள். உள்ளே இருந்த தொலைபேசி எண் அவளுக்குப் பயன்பட்டிருக்கலாம். அதனால்தான் இதை வெறும் சொற்பிழை என்று விட மனம் வரவில்லை.

மூலச்சொல் 'டிஸ்என்ஃப்ரான்சைஸ்ட் கிரீஃப்'. கென்னத் டோகா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989இல் தொகுத்த நூல் வழியாகப் பரவியது. ஒருவருக்கு இழப்பு நேர்ந்திருக்கிறது; ஆனால் அதை வெளியே சொல்ல முடியவில்லை, நாலு பேர் முன்னால் அழ முடியவில்லை, சுற்றியிருப்பவர்களின் ஆதரவும் கிடைக்கவில்லை. அந்த நிலையில் வரும் துக்கத்துக்கு அவர் வைத்த பெயர் இது. 'அவர் உனக்கு அவ்வளவு நெருக்கமா என்ன?' என்று உறவைப் பிறர் குறைத்து மதிக்கலாம். இழந்ததை இழப்பாகவே எண்ணாமல் போகலாம். துக்கப்படுபவர் குழந்தையாகவோ முதுமையில் நினைவு மங்கியவராகவோ இருந்தால், அவருக்குத் துக்கம் இருக்கும் என்றே யாருக்கும் தோன்றாமல் போகலாம். பின்னாளில் டோகா இன்னும் இரண்டைச் சேர்த்தார்: இறந்த விதம், துக்கத்தைக் காட்டும் விதம். கடைசியாகச் சொன்னது வேற்று நாட்டில் வாழ்கிறவர்களுக்கு மிக நெருக்கமானது. மருத்துவமனை நடையில் வாய்விட்டு அழுத பெண்ணை 'கொஞ்சம் அமைதியாக' என்று அடக்குகிறார்களே, அதுவும் இதில் சேரும்.

சொல்லின் வேரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃப்ராங்க் என்பது ஒரு ஜெர்மானிய இனத்தின் பெயர். இன்றைய பிரான்சைப் பிடித்து ஆண்டவர்கள் அவர்கள். முழு உரிமையோடு வாழ்ந்தவர்கள் அவர்களே என்பதால் அந்தப் பெயரே 'கட்டற்றவன்' என்ற பொருளுக்கு வந்தது. 'ஃப்ரான்சைஸ்' என்றால் முதலில் விடுதலை, பிறகு சலுகை. 'என்ஃப்ரான்சைஸ்' என்றால் அடிமையை விடுவித்தல், ஒருவனை ஊரில் உரியவனாகச் சேர்த்துக்கொள்ளுதல். முன்னால் 'டிஸ்' சேர்ந்தால் அதற்கு நேர்மாறு. வாக்குரிமை என்ற பொருள் வெகுநாள் கழித்து முளைத்த கிளை. பெரிய நிறுவனங்கள் தங்கள் பெயரில் கடை நடத்தக் கொடுக்கும் உரிமம் இன்னொரு கிளை. அகராதியில் கண்ணில் பட்ட கிளையை ஒடித்துக்கொண்டு வந்து துக்கத்தின் முன்னால் நட்டதால் வந்த வினை இது. 'ஊரில் சேர்த்துக்கொள்ளுதல்' என்ற பழம்பொருளைத் தொட்டிருந்தால் நல்ல தமிழ் கிடைத்திருக்கும்.

அதே துண்டறிக்கையில் 'வண்ண மக்கள்' என்றும் இருந்தது. 'பீப்பிள் ஆஃப் கலர்' என்பதற்காம். வேறு சிலர் 'நிற மக்கள்' என்கிறார்கள். தமிழில் வெள்ளையும் ஒரு நிறம்தான். 'வண்ண' என்றாலோ கோலமும் பட்டுப்புடவையும்தான் நினைவுக்கு வரும். பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் கலப்பு வம்சத்தவரைக் குறித்த தொடரிலிருந்து நீண்டு வந்து, இன்று வெள்ளையர் அல்லாத எல்லோரும் தங்களுக்காகச் சேர்ந்து ஏற்றுக்கொண்ட பெயர் அது. 'வெள்ளையரல்லாதோர்' என்றால் போதும். எதிர்மறைச் சொல்லாக இருக்கிறதே என்று குறைப்படுகிறார்கள். எந்த எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டதால் இவர்கள் ஒன்று சேர்ந்தார்களோ அந்த எல்லையை நேராகச் சொல்கிற சொல், என் பார்வையில் நல்ல சொல்தான்.

இனி முக்கியமான வழக்குக்கு வருகிறேன். 'வாக்குரிமை இழந்த' என்ற மொழிபெயர்ப்பை யாரும் நியாயப்படுத்தப்போவதில்லை. 'அங்கீகரிக்கப்படாத துக்கம்' என்பதைத்தான் படித்தவர்கள் பலரும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. அங்கீகாரம் வடசொல் என்பதற்காகச் சொல்லவில்லை. துக்கமும் வடசொல்தான், அதைக் கைவிட்டு 'துயர்' என்றே எழுத வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். தூய தமிழில் 'இழவு' என்ற அருமையான சொல் இருந்தது. இழத்தலிலிருந்து பிறந்தது, இழப்பையும் சாவையும் ஒன்றாகத் தாங்கியது. குறளில் 'இழவூழ்' என்று வருகிறது. அதை நாம் வசைச்சொல்லாக்கித் தேய்த்துவிட்டோம். இன்று துண்டறிக்கையில் போட்டால் படிப்பவர் முகம் சுளிப்பார். அந்த வருத்தம் எனக்கு உண்டு. ஆனால் ஆறுதல் தேடி வருகிறவரிடம் போய் என் வருத்தத்தைத் திணிக்கக் கூடாது.

அங்கீகாரத்தில் எனக்குள்ள சிக்கல் வேறு. தமிழில் அந்தச் சொல் எங்கெல்லாம் புழங்குகிறது என்று பாருங்கள். அங்கீகரிக்கப்படாத மனைப்பிரிவு. அங்கீகாரம் இல்லாத பள்ளி. அங்கீகாரம் ரத்தான கட்சி. எல்லா இடத்திலும் மேலே ஓர் அதிகாரி இருக்கிறார், கையில் முத்திரை இருக்கிறது, கீழே ஒருவர் விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். அங்கீகாரம் இல்லாத பொருளில் ஏதோ குறை இருக்கிறது என்ற நிழலும் உடன் வருகிறது. துக்கத்தோடு அந்தச் சொல்லைச் சேர்க்கும்போது, குறை துக்கப்படுபவரிடம் இருப்பதாக ஆகிவிடுகிறது. டோகா சொல்ல வந்தது நேர்மாறானது. துக்கம் முழுமையாக இருக்கிறது. சுற்றியிருந்தவர்கள்தான் தங்கள் பங்கைச் செய்யவில்லை.

'உரிமை மறுக்கப்பட்ட துக்கம்' இதைவிட எவ்வளவோ மேல். அழுவதற்கும் ஓர் உரிமை உண்டு என்ற டோகாவின் கருத்து அதில் இருக்கிறது. சட்டம், தொழிற்சங்கம் சார்ந்த எழுத்தில் அதையே வைத்துக்கொள்ளலாம். வீட்டில் பேச முடியாது, அவ்வளவுதான். 'எனக்கு உரிமை மறுக்கப்பட்ட துக்கம் இருக்கிறது' என்று எந்த அம்மாவும் மகளிடம் சொல்ல மாட்டாள்.

தனித்தமிழ் அன்பர் ஒருவர் 'கையறு துயர்' என்று பரிந்துரைத்தார். ஒலி அழகாக இருக்கிறது, பொருள் தலைகீழாக இருக்கிறது. கையறுநிலை புறத்துறை. தலைவன் மாண்டபின் புலவரும் சார்ந்தோரும் பாடுவது. பாரி மகளிர் தந்தையையும் பறம்பு மலையையும் ஒருசேர இழந்து பாடிய 'அற்றைத் திங்கள்' அந்தத் துறையைச் சேர்ந்தது. இருந்த நிலத்தைப் பறிகொடுத்த துக்கத்துக்கு அதைவிட நெருங்கிய பாட்டு இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது பாடப்பட்டது, கேட்கப்பட்டது, இன்றுவரை பள்ளிப்பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். தமிழ் மரபிலேயே மிக அதிகமாகக் காதுகொடுக்கப்பட்ட துக்கத்தின் பெயரை எடுத்து, காதுகொடுக்கப்படாத துக்கத்துக்கு எப்படி வைப்பது?

எனக்குக் கிடைத்த சொல் நான் ஆக்கியது இல்லை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்யும், எனக்குத் தெரிந்த ஓர் அக்காவின் வாயிலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்தில் அவருடைய பெரியம்மா இறந்த செய்தி, வேலை நேரத்தில், துணி துவைக்கும் அறையில் நிற்கும்போது வந்தது. கையில் பாதி மடித்த படுக்கை விரிப்பு. தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு மீதிப் பாதியையும் மடித்து அடுக்கிவிட்டுத்தான் சுவரில் சாய்ந்தாராம். மேற்பார்வையாளரிடம் போய் விடுப்புக் கேட்டபோது வந்த முதல் கேள்வி: 'அம்மாவா?' இல்லை என்றதும் பேச்சு முடிந்தது. அங்கே சட்டப்படி நெருங்கிய உறவினர் இறந்தால் ஆண்டுக்கு 2 நாள், அதுவும் சம்பளமில்லாமல். பெற்றோர், துணை, பிள்ளை, உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளை எல்லோரும் பட்டியலில் உண்டு. பெரியம்மா இல்லை. ஆங்கிலத்தில் அவர் 'ஆன்ட்டி'. தமிழில் அம்மாவுக்கும் முன்னால் பிறந்த இன்னோர் அம்மா. ஒரு சொல் மொழிபெயர்ப்பில் சுருங்கியபோது ஓர் உறவே சுருங்கிவிட்டது.

சில மாதம் கழித்து அதைச் சொல்லும்போது அவர் சொன்னார்: "பெரியம்மாதான் என்னை வளத்தவ. அங்க எண்டா செத்தவீட்டுக்கு ஊரே வந்திருக்கும். இஞ்ச ஒருத்தரும் வந்து கேக்கேல்லை."

கேக்கேல்லை. ஆறுதல் சொல்லவில்லை என்றோ, உதவி செய்யவில்லை என்றோ அவர் சொல்லவில்லை. கேட்கவில்லை என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தமிழில் துக்கம் கேட்கப்படுவது. துக்கம் கேட்கப் போகிறோம். துக்கம் விசாரிக்கிறோம். தென்மாவட்டங்களில் துட்டி கேட்பார்கள், கேதம் கேட்பார்கள். சொல் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறினாலும் 'கேட்பது' மாறுவதில்லை. போய் உட்கார்ந்து, 'எப்படி ஆச்சு? கடைசியா என்ன பேசினாங்க?' என்று கேட்பது. அவர் சொல்வதைக் காதால் கேட்பது. வினவுதல், செவிமடுத்தல் இரண்டுக்கும் ஒரே வினை. டோகா ஒரு வரையறையில் விளக்கியதை நம் மொழி ஒரு வினைச்சொல்லில் வைத்திருக்கிறது. கேட்பார் இல்லாத துக்கம், கேட்பாரற்ற துக்கம்.

சொல்லைச் சோதிக்க ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்கிறேன். 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியா 182 விமானம் அயர்லாந்துக் கரைக்கு அப்பால் கடலுக்கு மேல் குண்டுவெடித்துச் சிதறியது. 329 பேர் இறந்தார்கள். அவர்களில் 268 பேர் கனடியக் குடிமக்கள். மிகப் பெரும்பாலோர் இந்திய வம்சாவளியினர். கனடாவின் பிரதமர் பிரையன் மல்ரோனி இரங்கல் தெரிவித்தது யாரிடம்? இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியிடம். தங்கள் நாட்டிலேயே இருந்த, பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளைத் தாண்டி, துக்கம் வேறு நாட்டில் போய் விசாரிக்கப்பட்டது. ஓய்வுபெற்ற உச்சநீதிமன்ற நீதிபதி ஜான் மேஜர் தலைமையிலான விசாரணை ஆணையம் 2010இல் தன் அறிக்கையின் தலைப்பிலேயே இதைக் 'கனடியப் பேரிழப்பு' என்று எழுத வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஜூன் 23 அன்று அப்போதைய பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டார். 25 ஆண்டு. இந்த 25 ஆண்டுத் துக்கத்தை 'வாக்குரிமை இழந்த துக்கம்' என்று எழுதினால் பொய்யே ஆகிவிடும். அவர்கள் வாக்களித்துக்கொண்டுதான் இருந்தார்கள். 'அங்கீகரிக்கப்படாத' என்றால் ஏதோ ஓர் ஆணை வர வேண்டியிருந்தது போலத் தொனிக்கிறது. கேட்பாரற்ற துக்கம் என்றால், கேட்க வேண்டியவர் யார், அவர் எந்த வீட்டுக்குப் போகவில்லை என்பது உடனே தெரிகிறது.

மறுப்பும் வந்தது. 'கேட்பாரற்றுக் கிடக்கும் வாகனங்கள்' என்று செய்தித்தாளில் வருகிறதே, அநாதை என்ற பொருள் ஒட்டிக்கொள்ளாதா என்று. ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொள்ளட்டும் என்கிறேன். யாரும் கேட்காத துக்கத்தோடு வேற்று நகரத்தில் விடியும் காலையில் அநாதை உணர்வு இல்லாமல் வேறென்ன இருக்கும்? தவிர, அந்தச் சொல் குறையைக் கிடப்பவர்மேல் சுமத்துவதில்லை, வராமல் போனவர்கள்மேல் சுமத்துகிறது.

பாதிக்கப்பட்டவர்களின் வாயிலிருந்தே சரியான சொல் வரும் என்பதற்கு நம்மிடம் பெரிய சான்று இருக்கிறது. இலங்கையில் போரின்போதும் முடிவிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் 'காணாமல் போனோர்' என்பதை ஏற்கவில்லை. பிள்ளை தானாகப் போகவில்லை என்றார்கள். 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்ற சொல் நிலைத்தது. ஒரு துணைவினையை மாற்றியதில் செய்தவன் ஒருவன் இருக்கிறான் என்பது இலக்கணத்துக்குள்ளேயே வந்துவிட்டது. புலம்பெயர்ந்த குடும்பங்கள் இன்று அதைத்தான் சொல்கின்றன. அகராதிக்காரர் யாரும் கொடுத்த சொல் இல்லை அது.

நம் மொழிபெயர்ப்பாளர்களோ திரையைப் பார்த்து எழுதுகிறார்கள், வீட்டுக்குள் பேசுவதைக் கேட்பதில்லை. மொழிமாற்றுப் படங்களில் சாவு வீட்டுக்கு வருபவர், 'சாரி ஃபார் யுவர் லாஸ்' என்ற ஆங்கில இரங்கலை அப்படியே பெயர்த்து, 'உங்கள் இழப்புக்கு மன்னிக்கவும்' என்கிறார். கொன்றவன்தான் அப்படிப் பேசுவான். 'ஆழ்ந்த இரங்கல்' இருக்கிறது. ஒன்றும் சொல்லாமல் கையைப் பிடித்துக்கொள்வது இருக்கிறது. 'கேள்விப்பட்டதும் ஓடிவந்தேன்' இருக்கிறது. வேற்று நாட்டில் பிறந்து தமிழை இந்தப் படங்களிலிருந்தும் துண்டறிக்கைகளிலிருந்தும் கற்கும் பிள்ளைகள், பாட்டி இறந்த அன்று அம்மாவிடம் இந்த 'மன்னிக்கவும்'-ஐத்தான் சொல்லப்போகிறார்கள். இது என்னை உண்மையாகவே தூங்கவிடாத கவலை.

துண்டறிக்கையை அச்சிட்டவர்களுக்குக் கடிதம் எழுதினேன். மரியாதையாகப் பதில் வந்தது. அடுத்த பதிப்பில் 'வாக்குரிமை' நீங்கிவிடுமாம். அதற்குப் பதில் 'அங்கீகரிக்கப்படாத' என்று போடப்போகிறார்களாம். இரண்டாவது கடிதத்தை நேற்று அனுப்பினேன். இந்த முறை அந்த அக்காவின் அனுமதியோடு, அவர் சொன்ன மூன்று வாக்கியத்தையும் அப்படியே சேர்த்திருக்கிறேன்.