சுவர் கலர் மாறல, பல்புதான் மாத்துச்சு

லைட் ஃபிட்டிங் வேலைக்குன்னு போன ஒரு வீட்ல பெரிய பஞ்சாயத்து. ஹால் சுவருக்கு செங்கல் கலர் அடிச்சிருக்காங்க, "நான் செலக்ட் பண்ணது இது இல்ல, டப்பாவ மாத்திட்டீங்க"ன்னு அந்தம்மா பெயிண்டர போட்டு வறுத்தெடுக்க, அவரு பாவம் காலி டப்பாவ கைல புடிச்சிட்டு நிக்கிறாரு. பகல்ல நல்லாத்தான் இருந்துச்சாம், ராத்திரி லைட்ட போட்டா சுவர் செத்துப்போய் சாம்பல் பூத்த மாதிரி தெரியுது. என் பையில இருந்த வேற ஒரு எல்இடிய மாட்டி சுவிட்ச போட்டேன், ரெண்டு பேரும் கப்சிப். ரெண்டு பல்புமே 9 வாட்ஸ், 6500 கெல்வின்தான்.

எங்க போனாலும் எத்தன வாட்ஸ்னுதான் கேக்குறாங்க. வாட்ஸ் அது தின்னுற கரண்ட்டு, லூமன் அது குடுக்குற வெளிச்சம், கெல்வின்னா மஞ்சளா வெள்ளையான்றது. இந்த மூணும் தெரிஞ்சாலும் கலர் ஒழுங்கா தெரியுமான்னு சொல்ல முடியாது, அதுக்கு சிஆர்ஐன்னு ஒரு நம்பர் இருக்கு, அதிகபட்சம் 100. செவப்புத் துணி செவப்பா தெரியணும்னா அது மேல விழற வெளிச்சத்துல மொதல்ல செவப்பு இருக்கணும்ல, இல்லாதத துணி எங்கிருந்து திருப்பி அனுப்பும்?

இதுல குண்டு பல்ப யாரும் அடிச்சுக்க முடியாது. கம்பி சூடாகி எரியுறதால எல்லா கலரும் இடைவெளி இல்லாம வரும், சிஆர்ஐ கிட்டத்தட்ட 100. ஆனா நீலம் கம்மி, அதனாலதான் கருநீல பேன்ட்டையும் கருப்பு பேன்ட்டையும் அதுல பாத்து மாத்தி போட்டுட்டு போறது. கரண்ட்ல பெரும்பங்கு சூடாவே போயிடுது, அதான் அதுக்கு விடைகொடுக்க வேண்டியதாச்சு.

டியூப் லைட்டுல உள்ள இருக்குற பாதரச ஆவி கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவ விடும், கண்ணாடிக்கு உள்பக்கம் பூசின பவுடர்தான் அத வெளிச்சமா மாத்தும், ஆக பவுடர் எப்படியோ கலரும் அப்படித்தான். பழைய பவுடர்ல 50, 60, 70ன்னு இருக்கும், மூணு கலர் பவுடர் வந்தப்புறம் 80 தாண்டுச்சு. பழைய சோக்கு வச்சதுல 50 ஹெர்ட்ஸ் லைன்ல செகண்டுக்கு 100 தடவ வெளிச்சம் ஏறி எறங்கும், எலக்ட்ரானிக் சோக்குல அது 20,000க்கு மேல போயிடும், கண்ணுக்கு தொந்தரவு இல்ல. சிஎஃப்எல் இதே டியூப்ப மடிச்சு வச்சதுதான் (ஒடஞ்சா ஜன்னல தொறந்து விடுங்க, பாதரசம் இருக்கு).

இப்ப எல்இடி. வெள்ளை எல்இடின்னு நாம சொல்றதுல முக்காவாசிக்கு உள்ள இருக்குறது நீல எல்இடிதான், அந்த நீலத்த கண்டுபுடிச்சதுக்குத்தான் அகசாகி, அமானோ, நகமுரான்னு மூணு பேருக்கு 2014ல நோபல் குடுத்தாங்க. அது மேல மஞ்சள் பவுடர பூசினா நீலமும் மஞ்சளும் சேர்ந்து கண்ண ஏமாத்தி வெள்ளையா தெரியும், ஆனா அதுல ஆழமான செவப்பு சொற்பம். சிஆர்ஐ 80னு போட்டிருந்தாலும் நம்பிடாதீங்க, அந்த நம்பர் 8 வெளிர் கலர்களோட சராசரி, அழுத்தமான செவப்பு அந்த கணக்குலயே வராது, அதுக்கு ஆர் 9னு தனி நம்பர், 80 போட்ட பல்புல அது பூஜ்யத்துக்கு பக்கத்துல கெடக்கலாம். டெஸ்ட் சிம்பிள். பல்புக்கு கீழ உள்ளங்கைய விரிச்சுப் பாருங்க, ரத்தம் செத்த மாதிரி வெளிறித் தெரிஞ்சா அந்த பல்பு மொகம் பாக்குற கண்ணாடி பக்கத்துக்கு ஆகாது. வார்ம் வாங்கினா எல்லாம் சரியாயிடும்னு சிலர் நெனைக்கிறாங்க, மஞ்சள் எல்இடிலயும் மட்டமானது இருக்கு.

இன்னொன்னு ஃப்ளிக்கர். உள்ள எல்இடிக்கு கரண்ட்ட சீரா குடுக்குற சர்க்யூட்டுக்கு டிரைவர்னு பேரு, அதுல காசு மிச்சம் புடிச்ச பல்புல வெளிச்சம் துடிச்சிட்டே இருக்கும், கண்ணுக்கு நேரா தெரியாது, ஆனா சிலருக்கு தலைவலி வரும். மொபைல் ஸ்லோ மோஷன்ல எடுத்துப் பாத்தா தெரிஞ்சிடும், இல்ல பேனாவ வேகமா ஆட்டுங்க, கோடா இழுக்காம தனித்தனி பேனாவா தெரிஞ்சா துடிக்குதுன்னு அர்த்தம். வெளிச்சத்த கூட்டிக் கொறைக்குற பழைய டிம்மர்ல எல்இடிய மாட்டிட்டு பல்ப திட்டுறவங்களும் உண்டு, அது பல்பு தப்பில்ல.

90க்கு மேல சிஆர்ஐ உள்ளதுல அதே வாட்ஸுக்கு வெளிச்சம் கொஞ்சம் கம்மியாத்தான் வரும், மங்கலா இருக்கேன்னு எனக்கே போன் போட்டு கத்தினவங்க இருக்காங்க. அந்த வீட்டம்மா எல்லா ரூமுக்கும் இந்த ரகத்தையே மாத்திடுங்கன்னாங்க, ஹாலு, அலமாரி, கண்ணாடி, புள்ளைங்க வரையிற டேபிள் போதும், மாடிப்படிக்கும் பாத்ரூமுக்கும் பழசே ஓடட்டும்னுட்டேன். பெயிண்டர் மட்டும் போகும்போது அந்த பல்போட அட்டப்பெட்டிய போட்டோ புடிச்சிட்டு போனாரு.