சொல் விளக்கம்: ஃபோகஸ்

தைப்பூசக் காவடிக்கு முன்பு, மொரீசியஸில் ரோஸ்ஹில் பக்கம் ஒரு கோவிலில் நன்கொடை வரவு எழுத எக்செல்லில் சின்னதாக ஒரு படிவம் செய்து கொடுத்தேன். ரசீது எண், பெயர், தொகை, கீழே ‘மூடு’ பொத்தான். முதல் நாளே கணக்கு எழுதும் அக்கா கூப்பிட்டுவிட்டார்: “தம்பி, பெயர் அடிச்சா எழுத்தே விழல. இடம் விட ஸ்பேஸ் தட்டினா படிவமே மூடிக்குது.”

தப்பு என்னுடையதுதான். பொத்தானை முதலில் செய்தேன். அதனால் அதற்கு டேப்இண்டெக்ஸ், அதாவது டேப் விசை தட்டினால் போகும் வரிசையில் அதன் எண், 0. படிவம் திறந்ததும் ஃபோகஸ் அதில் போய் உட்கார்ந்துகொண்டது. அப்போது ஸ்பேஸ் தட்டினால் பொத்தானை அழுத்திய மாதிரி.

நாம் தட்டும் விசை எங்கே போய்ச் சேரும் என்பதுதான் இங்கே ஃபோகஸ். லத்தீனில் இந்தச் சொல்லுக்கு அடுப்பு என்று பொருள். 1604இல் வானியலாளர் கெப்லர் இதை வடிவியலுக்குக் கொண்டுவந்தார். வில்லை (லென்ஸ்) வெயிலைத் திரட்டிச் சுடும் புள்ளியை நினைத்தே வைத்தார் என்பார்கள். மொரீசியஸில் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. பிரெஞ்சில் அடுப்புக்கும் வில்லையின் அந்தப் புள்ளிக்கும் ‘ஃபுவாயே’தான், அதே வேர். வேடிக்கை என்னவென்றால், கணினி என்று வந்ததும் பிரெஞ்சுக்காரர்களும் ‘ஃபோகஸ்’ என்றே சொல்லிவிடுகிறார்கள்.

தமிழில் என்ன சொல்வது? ‘கவனம்’ வேண்டாம், திரையில் அதைப் பார்த்தால் ஏதோ எச்சரிக்கை என்று தோன்றும். ‘முனைப்பு’ சைவ சித்தாந்தம் படித்தவர் காதில் ஆணவமாக விழும். பள்ளியில் குவியத் தூரம் என்று படித்தோமே, அந்தக் ‘குவியம்’ போதும். மொட்டு குவியும், கை குவியும். தட்டும் விசையெல்லாம் ஒரு பெட்டியில் குவியும்.

பெயர்ப் பெட்டிக்கு டேப்இண்டெக்ஸ் 0 கொடுத்தேன், குவியம் அங்கே வந்தது. தொகைப் பெட்டிதான் படுத்தியது. எண்ணுக்குப் பதில் எழுத்து அடித்தால் வெளியே விடக்கூடாது என்று பெட்டியை விட்டுக் கிளம்பும்போது ஓடும் எக்சிட் நிகழ்வுக்குள், குவியத்தை இங்கே வை என்னும் செட்ஃபோகஸ் கட்டளையை எழுதினேன், பலிக்கவில்லை. எக்சிட் முடிந்ததும் குவியம் எப்படியும் கிளம்பிவிடுகிறது. அந்த இடத்தில், கிளம்புவதைத் தடுக்கும் கேன்சலை ட்ரூ ஆக்கினால்தான் நிற்கும். ரசீது எண் தானே விழுவதால் அதன் டேப்ஸ்டாப்பை ஃபால்ஸ் ஆக்கினேன். டேப் தட்டும்போது குவியம் இப்போது அதை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.