தாயை இழந்த யானைக் கன்று காடு திரும்புவது எப்படி?

இலங்கையின் தென்பகுதியில், உடவளவை நீர்த்தேக்கத்தை ஒட்டியுள்ள யானை இடைத்தங்கல் நிலையத்தில் பார்வையாளர் காண்பது ஒரு சிறு நிகழ்ச்சிதான். பால் கொடுக்கும் நேரம் வந்ததும் கதவு திறக்கப்படுகிறது; காத்திருந்த கன்றுகள் சிலசிலவாக உள்ளே ஓடிவருகின்றன. பணியாளர் உயர்த்திப் பிடித்த புனலில் பால் ஊற்றப்பட, குழாயின் முனையை வாயில் பற்றிக்கொண்டு கன்று மடமடவெனக் குடித்து முடிக்கிறது. குடித்த கன்று அப்பால் போக, அடுத்தது வருகிறது. இவ்வளவையும் மக்கள் சற்றுத் தொலைவில் உள்ள மேடையில் நின்றுதான் பார்க்க வேண்டும். தொடவோ, புட்டியைக் கையில் வாங்கிப் பால் புகட்டவோ, குளிப்பாட்டவோ அங்கே இடமில்லை. குழந்தைகளோடு வருபவர்கள் சிலர் இதில் ஏமாற்றமடைவது இயல்பே. ஆனால் அந்த இடைவெளியும் இங்கே மருத்துவத்தின் ஒரு பகுதி. மருந்தையும் பாலையும் போல அதற்கும் ஓர் அறிவியல் காரணம் உண்டு.

வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் இந்த நிலையத்தை 1995-இல் தொடங்கியது. வளவை ஆற்றை மறித்துக் கட்டப்பட்ட நீர்த்தேக்கத்தைச் சுற்றி 1972-இல் அறிவிக்கப்பட்ட உடவளவை தேசியப் பூங்கா, ஏறக்குறைய 308 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. நிலையம் அதன் ஓரத்திலேயே அமைந்திருக்கிறது. இலங்கையில் இதற்கு முன்னரே, 1975 முதல், பின்னவலையில் அநாதை யானைகளுக்கான இல்லம் ஒன்று இயங்கி வந்தது. அங்கே சேர்ந்த கன்றுகள் மனிதரின் பராமரிப்பிலேயே வளர்ந்து, அங்கேயே இனம் பெருக்கி, அங்கேயே முதுமை அடைகின்றன. உடவளவையின் நோக்கம் வேறு. பெயரிலேயே அது இருக்கிறது: இடையில் தங்கிச் செல்லும் இடம்.

கன்றுகள் ஏன் தாயை இழக்கின்றன என்பதற்கு நெடிய விளக்கம் தேவையில்லை. காட்டை வெட்டி எரித்துச் செய்யும் சேனைப் பயிரும் வயலும் குடியிருப்பும் யானைகள் நடமாடும் நிலத்துக்குள் நீண்டுவிட்டன. துப்பாக்கிச் சூடு, விலங்கு இடறினால் தானே வெடிக்கும் கட்டுத்துவக்கு, மின்வேலியில் சட்டவிரோதமாகப் பாய்ச்சப்படும் உயர் மின்சாரம், ரயில், காட்டுப்பன்றிக்கென உணவுக்குள் மறைத்து வைக்கப்படும் ஹக்கபட்டாஸ் என்னும் வெடி ஆகியவை தாய் யானைகளைக் கொல்கின்றன. பாதுகாப்பற்ற விவசாயக் கிணறுகளில் விழும் கன்றுகளும் உண்டு. 2011-இல் எடுக்கப்பட்ட கணக்கின்படி 5,879 யானைகள் வாழ்ந்த இந்தத் தீவில், 2023-ஆம் ஆண்டில் மட்டும் 400-க்கும் அதிகமான யானைகள் இறந்தன. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது மனம் கலங்குகிறது.

மீட்கப்படும் கன்றுக்கு முதலில் வரும் ஆபத்து பாலில்தான் இருக்கிறது. ஏறத்தாழ 100 கிலோ எடையுடன் பிறக்கும் யானைக் கன்று, முதல் சில மாதங்கள் முழுக்க முழுக்கத் தாய்ப்பாலையே நம்பி வாழ்கிறது. பிறகு புல்லும் இலையும் தின்னப் பழகினாலும், இரண்டு வயது வரை பால் இல்லாமல் அது பிழைப்பது அரிது. அந்தப் பாலுக்குப் பதிலாகப் பசும்பாலைக் கொடுத்தால் என்ன என்று தோன்றும். யானைப் பாலின் கொழுப்பில் பெரும்பகுதி கேப்ரிக் அமிலம், லாரிக் அமிலம் போன்ற நடுத்தர நீளமுள்ள கொழுப்பு அமிலங்களால் ஆனது. இவை எளிதில் செரித்து, குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குச் சென்று விரைவாக ஆற்றலாக மாறக்கூடியவை. பசும்பாலின் கொழுப்பிலோ நீண்ட அமிலங்களே மிகுதி. அது கன்றின் குடலுக்கு ஒத்துப்போவதில்லை. செரிக்காமல் எஞ்சும் பால் சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்துக்கொள்ள, வயிற்றுப்போக்கு ஏற்படுகிறது. ஏற்கெனவே பட்டினியாலும் அதிர்ச்சியாலும் தளர்ந்துபோன கன்று சில நாட்களில் நீரிழப்பால் இறந்துவிடும். கென்யாவில் அநாதைக் கன்றுகளை வளர்த்த டாப்னி ஷெல்ட்ரிக் பல ஆண்டுகள் பல கன்றுகளை இழந்த பிறகே, மனிதக் குழந்தைகளுக்கான பால்மாவும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்த கலவையில் வழி கண்டார். நம் சமையலறைத் தேங்காய் எண்ணெயில் நிறைந்திருப்பதும் அதே லாரிக் அமிலம்தான் என்பதை நினைத்தால், அந்தத் தீர்வு ஏன் பலித்தது என்பது விளங்கும். உடவளவையிலும் இளங்கன்றுகள் குழந்தைகளுக்கான பால்மாவைக் குடித்தே வளர்கின்றன. பழந்தமிழ் மரபு மனிதப் பிள்ளைக்குரிய ‘குழவி’ என்னும் பெயரை யானைக் கன்றுக்கும் உரியதாக்கியது இங்கே நினைவுக்கு வருகிறது.

பால் ஒத்துக்கொண்டால் கன்று உயிர் பிழைக்கும். ஆனால் பிழைத்த கன்று யானையாக வளர்வதற்குப் பால் மட்டும் போதாது. யானையின் துதிக்கையில் எலும்பு இல்லை. அண்மையில், 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆசிய யானைக் கன்றின் துதிக்கைக்குள் ஏறக்குறைய 90,000 நுண்ணிய தசைக்கற்றைகள் இருப்பதாகக் கணக்கிட்டது. இவ்வளவு தசைகளையும் ஒருங்கிணைத்து இயக்கும் திறமை பிறவியிலேயே முழுமையாக வந்துவிடுவதில்லை. முதல் மாதங்களில் கன்று தன் துதிக்கையைத் தானே மிதித்துக்கொள்ளும். நீர் அருந்தத் தெரியாமல் மண்டியிட்டு வாயால் குடிக்கும். புல்லைச் சுற்றிப் பிடித்து, காலால் உதைத்துப் பெயர்த்து, வேரில் ஒட்டிய மண்ணை முழங்காலில் தட்டி உதிர்த்துவிட்டு வாயில் இடுவதை அது மூத்த யானைகளைப் பார்த்தும் தானே பலமுறை தவறியும் கற்றுக்கொள்கிறது. எதைத் தின்னலாம் என்பதற்கும் ஒரு வழி இருக்கிறது: தாயின் வாய்க்குள் துதிக்கை நுனியை நுழைத்து, அது மெல்லுவதை முகர்ந்து, சில வேளை அதில் ஒரு துண்டை எடுத்தும் தின்று பார்க்கும். இதைவிட விந்தையானது, கன்று மூத்த யானைகளின் சாணத்தைத் தின்பது. நார்ப்பொருளை உடைக்கும் நுண்ணுயிர்கள் யானையின் பெருங்குடலிலும் அதன் முகப்பிலுள்ள பையிலும் குடியிருக்கின்றன. பிறக்கும்போது கன்றிடம் அவை முழுமையாக இல்லை. சாணத்தின் வழியே அந்த நுண்ணுயிர்க் கூட்டம் அடுத்த தலைமுறையின் குடலுக்குக் குடியேறுகிறது. இவற்றில் எதையும் மனிதப் பணியாளர் கற்றுக்கொடுக்க முடியாது. அதனால்தான் உடவளவையில் பால் நேரம் போக எஞ்சிய பொழுதெல்லாம் கன்றுகள் கட்டப்படாமல், சிறியவையும் பெரியவையும் ஒன்றாகப் புதர்க்காட்டில் மேய விடப்படுகின்றன. புதிதாக வந்தவையும் நோயுற்றவையும் மட்டும் குணமாகும் வரை தனியே வைக்கப்படுகின்றன.

வெவ்வேறு காடுகளிலிருந்து வந்த, உறவே இல்லாத கன்றுகள் எப்படி ஒரு கூட்டமாகின்றன? இந்தக் கேள்விக்கான விடையின் ஒரு பகுதி அதே உடவளவைப் பூங்காவிலேயே கிடைத்தது. அங்குள்ள காட்டு யானைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து வரும் ஷெர்மின் டி சில்வாவும் அவருடைய குழுவினரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, ஆசியப் பெண் யானைகளின் சமூகம் எப்போதும் ஒன்றாகவே திரியும் இறுகிய குடும்பமாக இல்லை என்று காட்டியது. ஒரு பிடி (பெண் யானை) இன்று இரண்டு துணைகளோடு மேயும், நாளை வேறு சிலரோடு காணப்படும். ஆனாலும் ஆண்டுக்கணக்கில் பார்த்தால் அதன் நட்புகள் நிலைத்திருக்கும். பிரிந்து பிரிந்து கூடும் இந்தத் தளர்ந்த அமைப்பில் புதியவருக்கு இடம் கிடைப்பது எளிதாகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆறுதல் சொல்லும் இயல்பும் அவற்றிடம் உண்டு. ஜோஷுவா பிளாட்னிக்கும் பிரான்ஸ் டி வாலும் வடக்குத் தாய்லாந்து யானைகளிடம் செய்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு யானை அஞ்சிக் கலங்கும்போது அருகிலிருப்பவை நெருங்கி வந்து, அதன் முகத்தைத் துதிக்கையால் தொட்டு, வாய்க்குள் நுனியை வைத்து, மெல்லிய கீச்சொலி எழுப்பியதைப் பதிவு செய்தனர். தாயின் சடலத்தருகே மீட்கப்பட்ட ஒரு கன்றுக்கு மனிதக் கை தரக்கூடிய ஆறுதல் சிறிது. இன்னொரு கன்றின் துதிக்கை தருவது மிகுதி.

பார்வையாளருக்கும் கன்றுக்கும் இடையே வைக்கப்பட்டிருக்கும் தொலைவின் பொருள் இப்போது தெளிவாகும். மனிதரைக் கண்டால் உணவு வரும் என்று கற்றுக்கொண்ட விலங்கு, காட்டில் விடப்பட்ட பின்னும் அந்தப் பாடத்தை மறப்பதில்லை. இதற்கு எடுத்துக்காட்டு வேறெங்கும் தேட வேண்டாம். உடவளவைப் பூங்காவின் தெற்கெல்லையில், நெடுஞ்சாலை ஓரமாகச் செல்லும் மின்வேலியின் மறுபுறத்தில், வண்டிகளில் போவோர் நீட்டும் பழங்களுக்காக ஆண் யானைகள் வந்து நிற்கின்றன. ரம்போ என்று பெயர் பெற்ற ஒரு யானை இதனாலேயே புகழடைந்தது. இவை நிலையத்தில் வளராத, காட்டில் பிறந்த யானைகள் என்பதை மறந்துவிடக் கூடாது. 18 ஆண்டுக் கவனிப்பின் அடிப்படையில் டி சில்வா 2025-இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வாறு வேலியோரம் இரந்து நின்ற 66 ஆண் யானைகளைக் கணக்கிட்டது. இப்படிப் பழகிய யானை வேலியை உடைக்கிறது, பிளாஸ்டிக்கை விழுங்குகிறது, மனிதரைக் காயப்படுத்துகிறது, இறுதியில் தானும் சுடப்படுகிறது. பிறந்தது முதல் காட்டில் வாழ்ந்த யானையையே சில வாழைப்பழங்கள் இவ்வளவு மாற்றுமானால், நாளும் நூறு பேர் தடவிக் கொடுத்து வளர்த்த கன்றின் நிலை என்னவாகும்? எனவே பால் கொடுக்கும் சில பணியாளர் தவிர்த்த பிற மனிதர் அனைவரும் அதற்கு அந்நியராகவே இருக்க வேண்டும். மேடையில் அமைதியாக நிற்கும் பார்வையாளர், தம்மை அறியாமலே அந்தக் கன்றின் பயிற்சிக்கு உதவுகிறார்.

ஏறக்குறைய ஐந்து வயதில், பாலை மறந்து காட்டு உணவிலேயே உடல் தேறியதும், கன்றுகள் விடுவிக்கப்படுகின்றன. தனித்தனியாக விடாமல், நிலையத்தில் ஒன்றாகத் திரிந்து பழகியவற்றைக் குழுவாகவே கொண்டுபோய் விடுவது வழக்கம். அறியாத காட்டில் முதல் இரவுகளைக் கழிக்க அறிந்த துணை வேண்டும். முதல் குழு 1998-இல் சென்றது. அதன் பின் உடவளவையிலும் மாதுறு ஓயா, லுணுகம்வெஹெர, ஹுருலு ஆகிய காடுகளிலும் நூற்றுக்கும் மேற்பட்ட யானைகள் விடப்பட்டுள்ளன. எல்லாக் கன்றுகளுக்கும் இந்த வழி திறப்பதில்லை. கண்ணியில் காலை இழந்த கன்றுக்குச் செயற்கைக் கால் பொருத்தலாம், ஆனால் காட்டுக்கு அனுப்ப முடியாது. நிலையத்தை அடையும் முன்னரே உடல்நலம் முற்றிலும் குலைந்துபோனவை பல. வந்து சேர்ந்த பின்னும் காப்பாற்ற முடியாமல் போனவை பல.

விடப்பட்ட யானை பிழைத்திருக்கிறதா என்பதை அறியச் சிலவற்றின் கழுத்தில் ரேடியோ பட்டை கட்டப்படுகிறது. பட்டையின் மின்கலம் தீர்ந்த பிறகு கண்களே கருவி. யானையின் காது மடலின் மேல்விளிம்பு எந்தப் பக்கம் மடிந்திருக்கிறது, ஓரத்தில் எங்கே கிழிந்திருக்கிறது, அதன் மேல் இளஞ்சிவப்புப் புள்ளிகள் எப்படிப் பரவியிருக்கின்றன, வாலின் மயிர் எந்த அளவுக்கு உள்ளது என்பவை ஒவ்வொரு யானைக்கும் தனித்தனி. இவற்றைப் படம் எடுத்து ஒப்பிட்டே ஆய்வாளர்கள் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிகிறார்கள். அப்படி அடையாளம் காணப்பட்ட, ஒரு காலத்தில் குழாயில் பால் குடித்த பிடிகளில் சில, காட்டு யானைகளோடு சேர்ந்து மேய்வதும், தாமே ஈன்ற கன்றோடு நடப்பதும் பதிவாகியிருக்கின்றன. அந்தக் கன்றுகள் பால்மாவை அறியாதவை.